நம் தெருவுக்கு ஒரு வாக்கு: டான் ஸ்ரீ ஆதி நாகப்பன் நினைவுரை

(கம்போங் மேடானில் முன்னாள் மாணவர்கள் கூட்டிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வழக்கறிஞராகவும் அரசியல்வாதியாகவும் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், அவர் வழியில் பழைய மாணவர்கள் என்ன தொண்டு செய்யலாம் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டீர்கள். நம் நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. 1946-ல் இந்தியர் கட்சியான ம.இ.கா. தொடங்கியபோது அதன் முதல் தலைவரான ஜான் திவி வழக்கறிஞர். ஈப்போவைக் கட்டி ஆண்ட சீனிவாசகம் சகோதரர்கள் இருவரும் வழக்கறிஞர்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் கைதட்டல் எளிதாகக் கிடைக்கும். கதைகளும் நிறைய உண்டு.

நான் தேர்ந்தெடுத்தவர் டான் ஸ்ரீ ஆதி நாகப்பன். இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலருக்கு அவர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் ஒரு சாலையின் பெயர். பெரியவர்களுக்கு அவர் பழைய ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். ஆனால் கம்போங் மேடானில் குடியிருப்பவர்களுக்கு அவரோடு இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. உங்கள் தெருவின் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்ல வேண்டும், அப்படிப் பதில் சொல்ல வேண்டியவரை யார் நியமிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அரைநூற்றாண்டுக்கு முன்பே எழுத்தில் விடை கொடுத்தவர் அவர். அந்த விடை இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த விடையைப் பற்றித்தான்.

முதலில் மனிதரைப் பார்ப்போம்.

ஆதி நாகப்பன் வழக்கறிஞர் ஆவதற்கு முன்னால் பத்திரிகைக்காரர். 1924-ல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனின் ஆசிரியராக, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பணியாற்றியவர். 2019-ல் மூடப்படும்வரை நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த அதே தமிழ் நேசன்தான். போர் முடிந்த மலாயாவில் தமிழ் நாளேட்டின் ஆசிரியர் என்றால் செய்தி மட்டும் போட்டால் போதாது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் யார் திரும்பவில்லை, தோட்டத்தில் கூலி எவ்வளவு, குடியுரிமை யாருக்குக் கிடைக்கும், இந்தியாவுக்குத் திரும்புவதா இங்கேயே வேரூன்றுவதா என்று ஆயிரம் கேள்விகளோடு வாசகர் அந்த ஏட்டைப் பிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தோட்டத்து லயத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார். அந்தக் காலத்தில் தமிழ் ஏட்டின் மேசை என்பது பாதி வழக்கறிஞர் அலுவலகம். ஆதி நாகப்பன் அந்த மேசையிலிருந்துதான் சட்டத்துக்கு வந்தார், பிறகு அரசியலுக்கு வந்தார், நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக அமர்ந்தார். வழி இப்படி இருந்ததால்தான், பிற்காலத்தில் அரசாங்க அறிக்கை ஒன்றை எழுதும் பொறுப்பு வந்தபோது அவர் கோப்புகளை மட்டும் பார்த்து எழுதவில்லை என்பது என் எண்ணம்.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவருடைய துணைவியார் ஜானகி. 1943-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூரில் பேசியதைக் கேட்டு, அணிந்திருந்த நகையைக் கழற்றிக் கொடுத்த பதின்ம வயதுப் பெண். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதியாகப் பர்மா வரை போனவர். அந்தப் படையில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் நம்முடைய ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். போர் முடிந்ததும் ஜானகி மருத்துவத் தொண்டில் இறங்கினார், ம.இ.கா.வின் தொடக்கத்தில் பங்கெடுத்தார், பின்னாளில் செனட்டர் ஆனார். இந்திய அரசு 2000-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2014-ல் கோலாலம்பூரில் காலமானார். கணவன், மனைவி இருவரும் மேலவையில் அமர்ந்த வீடு அது. ஜானகியின் பெயர் நாட்டுக்கு வெளியேயும் தெரிந்திருக்கிறது. ஆதி நாகப்பனின் பெயர் உள்நாட்டிலேயே மங்கிவிட்டது. துப்பாக்கி ஏந்தியவரை நினைவில் வைப்பது சுலபம். ஆணையத்தின் அறிக்கையை எழுதியவரை நினைவில் வைக்க யாராவது அந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்த வேண்டும். இந்த நாட்டில் மக்கள் வாக்களித்த முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்காக நடந்ததல்ல. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சிக்குத் தேர்தல். 1955 பொதுத் தேர்தல்கூட அப்போது வரவில்லை. சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. கோலாலம்பூரில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் கைகோத்து நின்று பன்னிரண்டு இடங்களில் ஒன்பதைப் பிடித்தன. அந்தக் கைகோப்புத்தான் கூட்டணி ஆயிற்று, பின்னர் ம.இ.கா.வும் சேர்ந்தது, அதுவே தேசிய முன்னணியாக வளர்ந்து 2018 வரை நாட்டை ஆண்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தத் தேர்தல்கள் நம்மவர்களுக்கு என்ன கொடுத்தன என்றும் பார்க்க வேண்டும். 1957 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் தலைமை தாங்கிய மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அங்கும் சீன வாக்காளரே அதிகம். டி.ஆர். சீனிவாசகம் 1969-ல் இறந்தார். ஈப்போ நகர நடுவில் இருக்கும் பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்து, முடிந்தால் வெளியே சொல் என்று அமைச்சர் சவால் விட்டபோது வெளியேயும் சொல்லி, அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கில் வென்று, அவரைப் பதவி விலகச் செய்தவர் அவர். அவரைத் தூக்கி நிறுத்தியது ஈப்போ நகர மக்களின் நம்பிக்கை. சாலையையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மக்கள் வாக்களிக்கும்போது தோல் நிறத்தை முதலில் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஜார்ஜ் டவுனும் ஈப்போவும் சான்று.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடன் மோதல் நிலை இருந்த நேரத்தில், அவசரகால விதியின் கீழ் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடத்துவோம் என்றார்கள். 1966-ல் மோதல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. இதே காலத்தில் சில நகர மன்றங்களின் நிர்வாகம் பற்றி முறைகேட்டுப் புகார்கள் எழுந்திருந்தன. ஆகவே மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய 1965-ல் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவராக செனட்டர் ஆதி நாகப்பன் நியமிக்கப்பட்டார். நாடு இன்றும் அதை நாகப்பன் அறிக்கை என்றுதான் சொல்கிறது.

நண்பர்களே, அந்த நியமனத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். தேர்தல் நின்றுவிட்டது. மன்றங்கள் மீது புகார் இருக்கிறது. ஆட்சியில் இருக்கும் கூட்டணியைச் சேர்ந்தவரே தலைவர். எதிர்க்கட்சிகள் பிடித்து வைத்திருந்த நகரங்களைப் பற்றிய விசாரணை. இப்படி ஒரு சூழலில் எளிதான முடிவு எது? மன்றங்கள் கெட்டுப்போய்விட்டன, தேர்தலே வேண்டாம், அதிகாரிகளே நடத்தட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மேலிடம் மகிழ்ந்திருக்கும். பதவி உயர்வுக்கு அது நல்ல வழி.

ஆணையம் பொதுமக்களிடமும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டது. தீபகற்பத்தில் அன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன: மாநகர் மன்றம், நகராட்சி, நகர மன்றம், புதுக்கிராமங்களின் உள்ளூர் மன்றம் என்று பல வகை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டம். பணமில்லை, பயிற்சி பெற்ற ஊழியர் இல்லை, சில இடங்களில் உறுப்பினர்கள் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. ஆணையம் இவற்றை மூடி மறைக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு உழைத்து 1968 இறுதியில் கொடுத்த அறிக்கையில் அது எடுத்த முடிவு, ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதுதான். சிதறிக் கிடக்கும் சட்டங்களை ஒன்றாக்குங்கள், சிறிய மன்றங்களைச் சேர்த்து வலுவாக்குங்கள், வருவாயைக் கூட்டுங்கள், ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள். கோலாலம்பூர் உட்படத் தலைநகரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் கீழ் இருக்கட்டும் என்றது. மன்றத்தில் தவறு நடந்தால் தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டும், வாக்காளரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அந்த முடிவின் அடிநாதம்.

இதை எழுதியவர் ஒரு வழக்கறிஞர் என்பது தெரிகிறது. நோயைக் கண்டுபிடித்து எழுதினார். நோயாளியின் குரல்வளையை நெரிக்கச் சொல்லவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 1969 மே 13 இனக் கலவரம் வந்தது. நாடாளுமன்றமே இடைநிறுத்தப்பட்டது. 1971-ல் அறிக்கை வெளிவந்தபோது அரசாங்கம் அதன் முதன்மையான பரிந்துரையை ஏற்கவில்லை. கூட்டரசு, மாநிலம், ஊராட்சி என்று மூன்று அடுக்கிலும் தேர்தல் வைப்பது ஜனநாயகத்தை அளவுக்கு மீறிக் கொடுப்பதாகும் என்ற வாதம் அரசாங்கத்துக்குள் வலுத்திருந்தது. 1973-ல் ஓர் இடைக்காலச் சட்டம். 1976-ல் உள்ளாட்சிச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டம். அதன் 10-ஆம் பிரிவு, ஒவ்வொரு மன்றத்துக்கும் எட்டுக்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கலாம் என்கிறது. 15-ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. சட்டங்களை ஒன்றாக்க வேண்டும், மன்றங்களை இணைக்க வேண்டும் என்ற நாகப்பனின் யோசனைகள் அதில் இடம்பிடித்தன. வாக்கு மட்டும் விடுபட்டது. அதே 1976-ல் ஆதி நாகப்பன் காலமானார்.

நினைவுரை என்றால் புகழ்ச்சி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே ஒரு கசப்பான கேள்வியையும் எழுப்பிவிடுகிறேன். தன் அறிக்கை ஒதுக்கப்பட்ட பிறகும் அவர் ஆளும் அணியிலேயே இருந்தார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் அவருடைய கட்சியும் பங்காளி. டி.ஆர். சீனிவாசகத்தைப் போல எதிரே நின்று முழங்கியிருக்கலாமே என்று கேட்பவர் கேட்கலாம், கேட்பது நியாயம். கூட்டணி அரசியலில் உள்ளே இருந்துகொண்டே பெற முடிந்ததைப் பெறுவது என்ற பாதையை அன்றைய ம.இ.கா. தலைமுறை தேர்ந்தெடுத்தது. அந்தப் பாதை சில இடங்களில் பலன் கொடுத்தது. அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட இருந்த தோட்டங்களைத் தொழிலாளரின் பத்து வெள்ளி பத்து வெள்ளியான பணத்தில் வாங்கியது. சில இடங்களில் அந்தப் பாதை நம்மை ஊமையாக்கியது. ஆதி நாகப்பனை நான் மதிப்பது அவர் மௌனமாக இருந்த ஆண்டுகளுக்காக அல்ல. எழுதும் வாய்ப்பு கையில் வந்த நேரத்தில், மேலிடத்துக்குப் பிடிக்குமா என்று பார்க்காமல் உண்மையை எழுதினாரே, அதற்காக. எழுதியது அழியவில்லை. இந்த நாட்டில் யார் எப்போது ஊராட்சித் தேர்தல் பற்றிப் பேசினாலும் இன்றும் அந்த அறிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயா எப்படிப் பிறந்தது? 1950-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருகிய புறம்போக்குக் குடியிருப்பாளர்களைக் குடியேற்ற, எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்து நிலத்தில் அமைக்கப்பட்ட துணை நகரம் இது. அதாவது ஏழைக்கு வீடு கொடுக்க உருவான ஊர். நகரம் வளர்ந்தது, பங்களாக்கள் எழுந்தன, தொழிற்சாலைகள் வந்தன. பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய தெற்கு ஓரத்தில் மறுபடியும் புறம்போக்குக் குடியிருப்புகள் முளைத்தன. கம்போங் மேடான், கம்போங் லிண்டுங்கான், கம்போங் காந்தி, கம்போங் டத்தோ ஹருண். கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த மலாய்க்காரர்கள் ஒரு பக்கம். தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகி, லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழர்கள் ஒரு பக்கம். பிற்காலத்தில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வந்தார்கள். பலகை வீடுகள், ரூமா பாஞ்சாங் என்று நாம் சொல்லும் நீள்வீடுகள், குறுகலான சந்துகள், மழை வந்தால் வீட்டுக்குள் வரும் தண்ணீர். விளையாட இடமில்லாத பிள்ளைகள், வேலையில்லாத இளைஞர்கள்.

2001 மார்ச்சில் இங்கே நடந்த இன வன்முறையை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஆறு உயிர்கள் போயின, பலர் வெட்டுப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பொது விசாரணை வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகள் ஒலித்தும் அது நடக்கவில்லை. அதைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' நூலுக்குத் தடை வந்தது.

ஊராட்சித் தேர்தல் இருந்திருந்தால் அந்த வன்முறை நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையும் ஆகாது. ஆனால் ஒன்று சொல்வேன். சம்பவம் நடந்த பிறகு அமைச்சர்கள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. வறுமை, நெருக்கடி, வசதிக் குறைவு என்று அப்போதுதான் பத்திரிகைகள் எழுதின. அதற்கு முன்பு இருபது முப்பது ஆண்டுகள் இந்தச் சந்துகளின் கதையை மன்ற மேசையில் வைக்கக் கடமைப்பட்டவர் ஒருவரும் இருக்கவில்லை. இங்கே ஓட்டுக் கேட்டு வந்து, தோற்றுவிடுவோமோ என்று பயந்து, லோங்காங்கைச் சுத்தம் செய்து, மலாய்க்காரர் வீட்டுக்கும் தமிழர் வீட்டுக்கும் ஒரே நாளில் நடக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஒரு மன்ற உறுப்பினர் இல்லாத ஊர் இது. அந்தக் கட்டாயம்தான் தேர்தல். அதைத்தான் ஆதி நாகப்பன் கேட்டார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பலகை வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. பெட்டாலிங் ஜெயா 2006-ல் மாநகர் ஆனது. ஆனால் மாநகர் மன்றத்தின் 24 உறுப்பினர்களையும் மாநில அரசாங்கம் நியமிக்கிறது. மேயர் ஓர் அரசாங்க அதிகாரி. நாம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு வாக்களிக்கிறோம், தாமான் மேடான் சட்டமன்ற உறுப்பினருக்கு வாக்களிக்கிறோம். குப்பை அள்ளவில்லை என்றால் அந்த ஒய்.பி.யைத்தான் திட்டுகிறோம். அவரோ மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பாவம், நாட்டின் சட்டத்தை ஆக்க அனுப்பியவரை நாம் குப்பை வண்டிக்குத் தூது அனுப்புகிறோம்.

தேர்தல் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முக்கியமான காரணம், இனப் பிரச்சினை வரும் என்பது. 2018 டிசம்பரில் அன்றைய பிரதமரும் இதையேதான் சொன்னார். நகரங்களில் ஓர் இனம் ஆதிக்கம் செலுத்தும், வெளியே இருப்பவர்களுக்குப் பகை வரும் என்பது அவர்களின் அச்சம். அச்சத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. இந்த மண்ணில் நின்றுகொண்டு அதை யாரும் ஏளனம் செய்ய முடியாது. ஆனால் நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். இந்த நாட்டை ஆண்ட பல்லினக் கூட்டணி எங்கே பிறந்தது? 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில். இனங்களைப் பிரித்துவிடும் என்று எந்தத் தேர்தலைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களோ, அந்தத் தேர்தல்தான் அம்னோவையும் ம.சீ.ச.வையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. இன்னொன்றும் உண்டு. கம்போங் மேடானில் ரத்தம் சிந்தியபோது நாட்டில் ஊராட்சித் தேர்தல் நின்று முப்பத்தாறு ஆண்டு ஆகியிருந்தது. தேர்தல் இல்லாதது நம்மைக் காப்பாற்றவில்லை.

நம்முடைய இன்றைய அரசியல்வாதிகளும் இதில் தப்ப முடியாது. எதிர்க்கட்சியில் இருந்தபோது ஊராட்சித் தேர்தல் கேட்டவர்கள், ஆட்சிக்கு வந்ததும் மன்ற உறுப்பினர் பதவிகளைக் கட்சிக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பினாங்கு மாநிலம் 2012-ல் சொந்தமாகச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது; 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. முயன்றதற்காகப் பாராட்டலாம். அதற்குப் பிறகு கூட்டரசு ஆட்சியே கைக்கு வந்தும் 15-ஆம் பிரிவை யாரும் நீக்கவில்லை.

தமிழர் பெருமை பேசும் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் சொல்லாமல் விடமாட்டோம். சோழர் காலத்திலேயே தேர்தல் நடத்தினோம் என்று மார்தட்டுவோம். அந்தக் குடவோலையில் பெயர் எழுத நிலம் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். நம் தாத்தாக்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆகவே பழம்பெருமையை விட்டு அண்மைக் காலத்தைப் பார்ப்போம். இந்தியா 1992-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் வழியாக ஊராட்சி, நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. அப்படிச் சட்டம் இருந்தும் தமிழ்நாட்டில் 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், பெரும்பாலான கிராமங்களுக்கு 2019-லும் நகரங்களுக்கு 2022-லும்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதிகாரிகளே நடத்தினார்கள். சட்டம் இருந்தாலே இந்த நிலை என்றால், சட்டமே எதிராக இருக்கும் நம் நாட்டில் மக்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

இப்போது முன்னாள் மாணவர்களுக்கு வருகிறேன். நம் பள்ளிகளின் பழைய மாணவர்கள் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கு ஒரு விருந்து, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, கணினி அறைக்கு நன்கொடை. எல்லாம் வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. சுதந்திரம் அடைந்தபோது எண்ணூற்றுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். இருப்பவை நிமிர்ந்து நிற்பதற்குப் பழைய மாணவர்களின் பணமும் உழைப்பும் பெரிய காரணம். ஆனால் பள்ளிக்கூட வேலிக்குள் நின்றுவிடும் தொண்டு பாதித் தொண்டு. காலையில் பள்ளிக்கு வரும் பிள்ளை மாலையில் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறது என்பதும் நம் கவலையாக வேண்டும். லிஃப்ட் ஓடாத பன்னிரண்டாம் மாடிக்கு ஏறிப் போகும் பிள்ளைக்குப் புத்தகப்பை மட்டும் புதிதாக இருந்து என்ன?

ஆதி நாகப்பனின் வழியில் நீங்கள் செய்யக்கூடியவை என்று நான்கு வேலைகளைச் சொல்கிறேன். இவற்றுக்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றுள்ள சட்டமே இடம் கொடுக்கிறது.

முதலாவது, மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. வாக்கைப் பறித்த சட்டம் கதவைப் பறிக்கவில்லை. பழைய மாணவர்கள் முறைவைத்துப் போய் உட்காருங்கள். நம் வட்டாரத்துக்கான உறுப்பினர் வாய் திறந்தாரா, என்ன பேசினார் என்று குறித்துக்கொண்டு வந்து தெருவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வட்டாரத் திட்ட வரைவு. நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலத்தில் எது வரலாம் என்ற வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். நம் மக்கள் அங்கே போவதில்லை. திடல் காணாமல் போன பிறகு, கோயில் நிலத்தில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஓடுகிறோம். பழைய மாணவர்களில் நில அளவையாளர் இருக்கிறீர்கள், பொறியாளர் இருக்கிறீர்கள், வழக்கறிஞர் இருக்கிறீர்கள். வரைபடத்தைப் படித்து மக்களுக்கு எளிய தமிழில் சொல்வது உங்களுக்கு ஒரு மாலை நேர வேலை.

மூன்றாவது, அடுக்குமாடி நிர்வாகம். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், வீடு வாங்கியவர்கள் கூடித் தங்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வழி செய்கிறது. ஜே.எம்.பி. என்று சொல்கிறோமே, அதுதான். நம் தெருவளவில் நமக்கு மிஞ்சியிருக்கும் வாக்கு இது ஒன்றுதான். அந்தக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, வந்தால் சண்டை. பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் பாதிப் பேர், கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்காமல் மீதிப் பேர். மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லோரும் ஒரே லிஃப்டில் போகும் கட்டடத்தில் ஒழுங்காக ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்திக் காட்டினால், ஊராட்சித் தேர்தல் நடத்தினால் இனச்சண்டை வரும் என்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த பதில் கிடையாது.

நான்காவது, ஆவணங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு, சொந்த நாட்டில் வாக்கில்லாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. 18 வயதில் வாக்களிக்கும் உரிமை 2021 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? பள்ளியில் சேர்க்கும்போதே இந்தச் சிக்கல் தலைகாட்டும். தலைமை ஆசிரியருக்குத் தெரியும், யாரிடம் போவது என்றுதான் தெரியாது. பழைய மாணவர் வழக்கறிஞர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

இவற்றோடு எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாகப்பன் அறிக்கை ஆங்கிலத்தில், தடித்த அரசாங்க வெளியீடாக, நூலகங்களில் இருக்கிறது. எழுதியவர் தமிழ் நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர். அதன் சாரத்தை நம் ஊர்த் தமிழில் ஒரு சிறு நூலாக்குங்கள். பள்ளி மண்டபத்துக்கு அவர் பெயரை வைப்பதைவிட, படத்துக்கு மாலை போடுவதைவிட, அது பெரிய மரியாதை. படித்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்பவரிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர் 15-ஆம் பிரிவைப் பற்றிப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முடிக்கிறேன். அடுத்த பொதுத் தேர்தலில் எந்தக் கொடியோடு யார் உங்கள் வாசலுக்கு வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா? மழுப்பினால் அதையும் எழுதி வையுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மாநகர் மன்றத்தின் அடுத்த கூட்டம் எந்த நாள் என்று நாளைக் காலையிலேயே விசாரித்து, இந்த அவையிலிருந்து ஐந்து பேராவது போய் உட்காருங்கள்.